தடுக்கினால் முதல் பாருக்கு ஓடக்கூடாது: இனிஷியல் முதல் இரண்டாம் கிரேடு வரை பியானோ

ஏபிஆர்எஸ்எம் (இங்கிலாந்தின் இசைத் தேர்வு வாரியம்) பிராக்டிகல் முடிவுகள் வந்துவிட்டன. சின்னப் பிள்ளைகள் எல்லாரும் தேறியதில் பெரிய நிம்மதி. ஆனால் எக்ஸாமினரின் குறிப்புகளை வரிவரியாகப் படித்தால் மனசு ஆறவில்லை. 27, 28 வாங்க வேண்டிய பீஸ் (பரீட்சைக்கு வாசிக்கும் இசைத் துண்டு) 22-இல் நிற்கிறது. சுரம் தப்பியதற்காக மட்டும் இவ்வளவு மார்க் போகவில்லை. தடுக்கிய குழந்தை பீஸின் ஆரம்பத்துக்கே திரும்பிப் போனதுதான் காரணம். ஒரு சுரம் தப்பிவிட்டு வாசிப்பு மேலே ஓடினால் இழப்பு சிறியது. ஓட்டம் நின்று, முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடியும் அதே இடத்தில் விழுந்தால், பீஸின் உருவமே குலைந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை இனி சொல்லித்தரும் ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே பிடிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

குழந்தை ஏன் ஆரம்பத்துக்கு ஓடுகிறது? வீட்டில் தினமும் அப்படித்தான் பழகுகிறது. தப்பு வந்தவுடன் "முதல்லேர்ந்து வாசி" என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது. ஆறு மாதத்தில் முதல் நான்கு பார் (தாளக் கட்டம்) நானூறு தடவை வாசிக்கப்பட்டிருக்கும், கடைசி நான்கு பார் நாற்பது தடவைகூட ஆகியிருக்காது. விரல் ஒரு சங்கிலி மாதிரி பழகிவிடுகிறது. ஒரு கண்ணி அறுந்தால் நடுவில் எங்கே பிடிப்பது என்று அதற்குத் தெரியாது.

இதற்கு மருந்து வாசல்கள். ஒவ்வொரு பீஸிலும் ஐந்தாறு இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு எண் போடுங்கள். அந்த எண்ணைச் சொன்னதும் இரண்டு கையையும் சரியான இடத்தில் வைத்து, சரியான விரலோடு, மூன்று நொடிக்குள் குழந்தை ஆரம்பிக்க வேண்டும். எட்டு பாருக்கு ஒரு வாசல் என்று சமமாக வெட்டினால் பயன் குறைவு. எங்கே தடம் மாறுமோ அங்கே வாசல் இருக்க வேண்டும்.

எல்லாரிடமும் இருக்கும் ஜி மேஜர் மினுவெட்டையே எடுத்துக்கொள்வோம். 1725-ஆம் ஆண்டு அன்னா மக்டலேனா பாக் நோட்டுப் புத்தகத்தில் உள்ளது. அவர் கணவர் யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதியது என்று நெடுநாள் நம்பினார்கள், உண்மையில் கிறிஸ்டியன் பெட்சோல்டுடையது. மொத்தம் 32 பார். வலக்கைக்கு 1 முதல் 6 வரை வருவதே 9 முதல் 14 வரை திரும்ப வருகிறது. 6-ஆம் பாரும் 14-ஆம் பாரும் "பி சி பி ஏ ஜி". அடுத்த சுரத்தில்தான் வழி பிரிகிறது. 7-ஆம் பார் எஃப் ஷார்ப்பில் இறங்குகிறது, 15-ஆம் பார் ஏ-யில் ஏறுகிறது. இந்த இடத்தைத் தனியாக எடுத்துச் சொல்லித்தராத குழந்தை 14-இலிருந்து 7-க்குப் போய், வட்டத்தில் மாட்டிக்கொள்ளும். அது கவனக்குறைவு இல்லை, அவ்விடத்தில் இரண்டு பாதைக்கும் முகம் ஒன்றுதான். ஆகவே 6–7, 14–15 இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கவையுங்கள். "இறங்கு", "ஏறு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசிக்கட்டும். மினுவெட்டைத் தொடங்கும் முதல் நாளே இதைச் செய்யுங்கள். முழுப் பீஸும் விரலில் ஏறிய பிறகு செய்தால் மூன்று மடங்கு நேரம் பிடிக்கும்.

இடக்கை இன்னும் முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. 1-இல் ஜி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), 9-இல் தனியாக ஒரு பி. வலக்கை "இது தெரிந்த இடம்" என்று சொல்ல, இடக்கை பழைய கார்டுக்குப் போய்விடும். 9-ஆம் வாசலை இடக்கை மட்டும் ஒரு வாரம் திறக்கட்டும்.

இதே மினுவெட்டில் இன்னொரு பொறி, ரிப்பீட், அதாவது ஒரு பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லும் குறி. பரீட்சையில் டா காப்போ (ஆரம்பத்துக்குத் திரும்பு என்ற குறி) இருந்தால் வாசிக்க வேண்டும். மற்ற ரிப்பீட்டுகள் சிலபஸ் கேட்டாலொழிய வேண்டாம். வருஷம் முழுக்க ரிப்பீட்டோடு பழகிய குழந்தைக்கு 16 முடிந்ததும் 1-க்குப் போவது ரத்தத்தில் ஊறியிருக்கும். பரீட்சையில் 16-லிருந்து நேரே 17. அதாவது வலக்கை நடு ஜி-யிலிருந்து ஒரு ஆக்டேவும் (எட்டுச் சுர தூரம்) அதற்கு மேல் ஒரு தேர்டும் (மூன்று சுர தூரம்) தாண்டி மேல் பி-யில் போய் உட்கார வேண்டும். 16-ஆம் பாரில் ஜி மூன்று பீட் நிற்கிறது. இரண்டாவது பீட்டிலேயே கண் மேல் பி-யைப் பார்த்துவிட வேண்டும், மூன்றாவது பீட் முழுசாக முடிந்த பிறகு கை போகட்டும். கண்ணும் கையும் ஒன்றாகப் போனால் மூன்றாவது பீட் பாதியில் அறுந்துவிடும்.

ஆக இந்தப் பீஸுக்கு வாசல்கள்: 1, 7, 9, 15, 17, 25. ஆறு வாசல், ஒரு பகடை. பகடையை உருட்டி விழுந்த வாசலில் தொடங்கி அடுத்த வாசலின் முதல் சுரம் வரை வாசிக்க வேண்டும். அந்த முதல் சுரம் வரை போவது கட்டாயம், அங்கேதான் தையல் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு உருட்டு போதும். முழுப் பீஸ் வாரத்தில் இரண்டே தடவை.

இனி ஸ்டடி, அதாவது பயிற்சிக்கான குட்டி இசைத் துண்டு. பரீட்சைக்கு மூன்று பீஸ் என்றதும் பத்து மாதமும் அந்த மூன்றையே தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் வலுவாக இருக்கிறது. இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். மூன்று பீஸ் மட்டுமே தெரிந்த குழந்தைக்குச் சைட் ரீடிங் (புதிய தாளைப் பார்த்ததும் வாசிப்பது) வரவே வராது. மார்க்‌ஷீட்டில் 21-க்கு 12, 13 என்று அது அப்படியே தெரிகிறது. ஒவ்வொரு பீஸுக்கும் முன்னால் இரண்டு ஸ்டடி, ஒரு கிரேடு கீழே உள்ளவை, பதினாறு பாருக்கு மேல் போகாதவை. ஒரு ஸ்டடியில் ஒரே ஒரு சிக்கல்தான் இருக்க வேண்டும். பத்து நாள், அதிகம் போனால் இரண்டு வாரம், பிறகு விட்டுவிடுங்கள். மெருகேற்ற வேண்டியது பீஸைத்தான். ஸ்டடியை மெருகேற்ற உட்கார்ந்தால் அதுவும் இன்னொரு பீஸாகிவிடும்.

எதை எடுப்பது?

செர்னி ஓபஸ் 599 எல்லார் வீட்டிலும் இருக்கும். நல்ல புத்தகம், ஆனால் ஆரம்பப் பயிற்சிகளில் இடக்கைக்கும் ட்ரெபிள் கிளெஃப்தான் (மேல் சுரங்களுக்கான குறி). அதை மட்டும் வரிசையாகப் போட்டுக்கொண்டு போனால், முதல் கிரேடு புத்தகத்தைத் திறக்கும் நாளில் குழந்தைக்கு பாஸ் கிளெஃப் (கீழ்ச் சுரங்களுக்கான குறி) அந்நிய மொழி. பக்கத்திலேயே பார்ட்டோக்கின் மைக்ரோகாஸ்மோஸ் முதல் தொகுதியை வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் பயிற்சிகள் இரண்டு கையும் ஆக்டேவ் தள்ளி ஒரே மெட்டை வாசிப்பவை. பாஸ் கிளெஃபைத் தனிப் பாடமாக நடத்த வேண்டியதில்லை, வலக்கை படிப்பதையே இடக்கையும் படித்துவிடும். செர்னியில் ஒன்று, பார்ட்டோக்கில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போவதுதான் என் முறை.

இரண்டாம் கிரேடை ஒட்டி பர்க்முல்லர் ஓபஸ் 100. இருபத்தைந்து ஸ்டடி, ஒவ்வொன்றும் கேட்க ஒரு பீஸ் போலவே இருக்கும். இரண்டாவதான அரபெஸ்க் பிள்ளைகளுக்கு உயிர். ஏ மைனர், 2/4. இடக்கை கார்டுகள் இரண்டு பார் போட்டபின் வலக்கையில் "ஏ பி சி பி" என்று நான்கு செமிக்வேவர் (கால் பீட் சுரம்) ஓடி அடுத்த பீட்டின் ஏ-யில் இறங்குகிறது. இதை "ஒன்-அ-அண்ட்-அ" என்று எண்ணச் சொன்னால் பாதிப் பிள்ளைகளுக்குக் குழப்பம். "தகதிமி தா" என்று சொல்லச் சொல்லுங்கள். நான்கு எழுத்து ஓட்டம், ஒரு தா இறக்கம். தா-வில் மணிக்கட்டு லேசாக மேலே எழும்பி விரல் விலக வேண்டும், தா அழுத்தமாக விழுந்தால் அடுத்த தகதிமி தாமதமாகும். நடுப்பகுதியில் இந்த ஓட்டம் இடக்கைக்குப் போகிறது. எல்லாரும் இதை மூன்றாவது வாரத்தில்தான் பார்க்கிறார்கள், அதற்குள் வலக்கை வேகம் பிடித்துவிடுவதால் நடுப்பகுதியில் வண்டி படுத்துவிடுகிறது. இடக்கைப் பகுதியை முதல் நாள் ஆரம்பியுங்கள். இடக்கை எந்த வேகத்தில் சுத்தமாக வருகிறதோ அதுதான் முழு ஸ்டடிக்கும் வேகம். மெட்ரோனோமில் க்ராச்செட் (ஒரு பீட் சுரம்) 60-இல் தொடங்கி நான்கு நான்காக ஏற்றலாம்.

எப்போது ஏற்றுவது? மூன்று புளியங்கொட்டையைப் பியானோவின் இடப்பக்கம் வையுங்கள். சுத்தமாக வாசித்தால் ஒன்று வலப்பக்கம் போகும், தப்பினால் ஒன்று திரும்பி வரும். மூன்றும் வலப்பக்கம் சேர்ந்தால் நான்கு ஏற்றலாம். தப்பினால் எல்லாக் கொட்டையும் திரும்ப வேண்டும் என்று விதி போடாதீர்கள். ஏழு வயசுக் குழந்தை அழுதுவிடும், அழுத கை இறுகிவிடும்.

விரல் எண்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதல் வாரத்தில் பென்சிலால் எழுதிய ஃபிங்கரிங் பரீட்சை வரை அதேதான். மாற்றியே தீர வேண்டும் என்றால் மூன்றாவது வாரத்துக்குள் மாற்றுங்கள், பழைய எண்ணை முழுசாக அழித்துவிடுங்கள். ஸ்கேலில் பிள்ளைகள் விழும் இடங்கள் குறைவு, ஆனால் திரும்பத் திரும்ப அதே இடங்கள்:

– எஃப் மேஜர் வலக்கை: பி ஃப்ளாட்டில் நான்காம் விரல், அதன் பிறகுதான் கட்டைவிரல். சி மேஜர் பழக்கத்தில் மூன்றுக்குப் பிறகே கட்டைவிரலை நுழைத்துக் கறுப்புக் கட்டையில் மாட்டிக்கொள்வார்கள்.
– சி, ஜி, டி, ஏ, இ மேஜர் வலக்கையில் நான்காம் விரல் எப்போதும் ஏழாவது சுரத்தில். இடக்கையில் எப்போதும் இரண்டாவது சுரத்தில். இந்த ஒரு விதி தெரிந்தால் ஐந்து ஸ்கேல் சரியாகிவிடும்.
– கட்டைவிரலை நுழைக்கும்போது முழங்கை வெளியே தூக்கினால் அந்தச் சுரம் மட்டும் "டங்" என்று தனியாகக் கேட்கும். முந்தின சுரம் ஒலிக்கும்போதே கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நகர்ந்திருக்க வேண்டும்.

இடக்கை சத்தம் மெட்டை மூடுகிறது என்று பல தாள்களில் குறிப்பு இருக்கிறது. "இடக்கையை மெதுவா வாசி" என்று சொன்னால் குழந்தை வேகத்தைத்தான் குறைக்கும். தமிழில் மெதுவுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு, பாவம், அதன் தவறில்லை. "சத்தம் கம்மியா" என்று சொல்லுங்கள். பிறகு வலக்கை ஒலியோடு, இடக்கை கட்டையைத் தொட்டு மட்டும், ஒலி எழாமல் ஒரு தடவை. அடுத்த தடவை இடக்கை ஒலிக்கலாம். நான்கே நாளில் வித்தியாசம் கேட்கும்.

வீட்டில் 61 கட்டை கீபோர்டில் மட்டும் பழகிய பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பியானோவின் கட்டை கனமாக இருக்கும். முதல் பீஸில் பாதிச் சுரம் ஒலிக்காமல் போவது இதனால்தான். கடைசி ஆறு வாரமாவது வாரம் ஒரு மணி நேரம் நிஜப் பியானோவில் உட்காரவையுங்கள். பரீட்சையில் முதலில் ஸ்கேல் கேட்கச் சொல்லிவிடலாம். கட்டையின் கனம் விரலுக்குத் தெரிந்த பிறகு பீஸுக்குப் போவது இந்தப் பிள்ளைகளுக்கு நல்லது.

சைட் ரீடிங்கில் அரை நிமிஷம் தருகிறார்கள். அந்த நேரத்தில் வாசித்தும் பார்க்கலாம். நிறையப் பிள்ளைகள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்! பத்து நொடி: கீ சிக்னேச்சர் (எந்த ஷார்ப், ஃப்ளாட் என்று காட்டும் குறி), இரண்டு கையும் இடத்தில். பத்து நொடி: தாளத்தை மடியில் தட்டு. பத்து நொடி: முதல் பாரையும் கடைசிப் பாரையும் ஒலியோடு வாசி. வீட்டில் தினமும் நான்கு பார் புதிதாக, ஒரே ஒரு தடவை. இரண்டாம் தடவை வாசித்தால் அது சைட் ரீடிங் இல்லை.

கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைகளுக்கு ஆரல் (காதால் கேட்டுச் செய்யும் பகுதி) எளிது என்று நினைப்போம். தாளம் தட்டுவதில் உண்மைதான். எதிரொலித்துப் பாடும்போது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் பாடுவார்கள். "கமகம் வேண்டாம், சுரத்தை நட்டுவை" என்று ஒரே வாரம் பழக்கினால் போதும். இன்னொன்று: சி என்றால் ச என்று அவர்கள் மனதில் பதிந்திருந்தால், ஜி மேஜர் பீஸில் ஜி-யைப் ப என்றுதான் கேட்பார்கள், முடிவு முடிவாகத் தோன்றாது. அந்தப் பீஸுக்கு ஜி-தான் ச என்று பாடவையுங்கள்.

வீடியோ அனுப்பும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு எடுப்பவர்களுக்கு வாசல் இன்னும் அவசியம். நான்கு பீஸும் நிறுத்தாமல் ஒரே பதிவு. நான்காவது பீஸில் நின்றால் முதல் மூன்றையும் மறுபடி வாசிக்க வேண்டும், அதற்குள் குழந்தை களைத்துவிடும்.

கடைசி இரண்டு வாரம்:

– புதிதாக எதையும் திருத்தாதீர்கள், ஃபிங்கரிங் உட்பட.
– தினமும் ஒரு பீஸ் ஒரே மூச்சில். நடுவில் வேண்டுமென்றே கதவைத் தட்டுங்கள், பாத்திரம் உருளட்டும். குழந்தை நிற்காமல் அடுத்த வாசலுக்குத் தாவ வேண்டும். பின்னால் போகக்கூடாது, முன்னால் மட்டும்.
– மூன்று பீஸின் முதல் இரண்டு பாரையும் வாசிக்காமல் மனசுக்குள் பாடிவிட்டுத் தொடங்கப் பழக்குங்கள். வேகம் அங்கேதான் தீர்மானமாகிறது.
– கால் தரையைத் தொடாத குழந்தை நாற்காலி நுனியில் வழுக்கிக்கொண்டே வாசிக்கும், தோள் ஏறிவிடும். முழங்கை வெள்ளைக் கட்டையின் மட்டத்துக்கு வர உயரம் கூட்டி, காலடியில் ஒரு மணைப்பலகை போடுங்கள். பரீட்சைக்கும் அதே பலகையைத் துணிப்பையில் எடுத்துப் போங்கள், பென்சிலும் அழிப்பானும் இருக்கும் அதே பையில்.