மருந்து என்ற சொல்

எங்கள் திருவாரூர்ப் பக்கம் 'மருந்து' என்றால் மூன்று பொருள். ஆஸ்பத்திரியில் தருவது ஒன்று. வயலில் பயிருக்கு அடிப்பது இன்னொன்று. "மருந்தைக் குடிச்சிட்டான்" என்று யாராவது ஓடிவந்து சொன்னால், அது எந்த மருந்து என்று ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றாவது, வேண்டாதவர்கள் சோற்றில் கலந்து வைத்துவிட்டதாகச் சொல்லப்படும் இடுமருந்து.

மனநல சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஓர் அம்மாவிடம், "தம்பிக்கு மருந்து ஒழுங்கா கொடுக்குறீங்களாம்மா?" என்று கேட்டேன். அவர் முகம் சட்டென்று இறுகிவிட்டது. "எம்புள்ளைக்கு நான் ஏன் மருந்து கொடுக்கப் போறேன்?" என்றார். அருகிலிருந்த நர்ஸ் அக்காதான் என் தோளைத் தொட்டு, "மாத்திரைன்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து மாத்திரை என்றுதான் சொல்கிறேன்.

மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் 1996-இல் தொடங்கியது. ஒரு மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் எல்லோரும் ஒரே வண்டியில் ஏறி, குறித்த கிழமையில் குறித்த தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போவோம். எனக்குச் செவ்வாய்க்கிழமை. நடவு நேரத்திலும் அறுப்பு நேரத்திலும் கூட்டம் பாதியாகக் குறையும். அதை அவநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூலி போய்விடும் என்பதுதான் காரணம் என்று புரிய ஒரு சம்பா முடிய வேண்டியிருந்தது.

நிஜமான அவநம்பிக்கை வேறு இடத்தில் இருந்தது. 'மனநலப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே யாரும் நிற்க மாட்டார்கள். பத்தடி தள்ளி, சுகர் பார்க்கும் வரிசையின் வாலில் நின்றுகொண்டு எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே வந்தால் கேள்விகள் வரும். இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோமாமே? பேசினால் எப்படிக் குணமாகும்? நீ டாக்டரா, டாக்டர் மாதிரியா? பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இது வெளியே தெரியுமா?

ஆரம்பத்தில் இதையெல்லாம் அறியாமை என்று எடுத்துக்கொண்டு, 'விழிப்புணர்வு' கொடுக்கும் வேகத்தில் இருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை பட்டு அறிந்தவர்களின் கேள்விகள்.

ஓர் அக்காவின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. தனியாகப் பேசுகிறான், இரவெல்லாம் தூங்காமல் கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்கிறான் என்று பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஊசி போட்டு, ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பத்தே நாளில் அவன் கை நடுங்க ஆரம்பித்தது, உடம்பு விறைத்தது, வாயில் எச்சில் ஒழுகியது. காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. "பேசிக்கிட்டாவது இருந்தான், இப்ப மரக்கட்டையாக்கிட்டாங்க" என்று அக்கா மாத்திரைகளை வாய்க்காலில் போட்டுவிட்டு, பையனை முத்துப்பேட்டை தர்காவுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மை. இல்லாத குரல்கள் காதில் கேட்கும் மனச்சிதைவு நோய்க்குத் தரும் சில மாத்திரைகளால் நடுக்கமும் விறைப்பும் வரும். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம், நடுக்கத்தைக் குறைக்கத் தனியாக ஒரு மாத்திரை சேர்க்கலாம். "இப்படி ஆகலாம், ஆனால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று அன்றைக்கு யாராவது ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அந்த அக்காவை நம்பிக்கையற்றவர் என்று எப்படிச் சொல்வேன்?

அடிமையாகிவிடுவோம் என்ற பயமும் காற்றில் வந்ததல்ல. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் அந்த வகை அல்ல. ஆனால் பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டுப் பழகினால் விடுவது கஷ்டம்தான். ஊர்க்காரர்களுக்கு இரண்டுமே 'தூக்க மாத்திரை'. வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. அதேபோல, மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதைச் சொல்லாமல் அனுப்பினால் நாலாம் நாளே நிறுத்திவிடுவார்கள். காய்ச்சல் மாத்திரை அன்றைக்கே கேட்கிறதே, இது ஏன் கேட்கவில்லை என்று நினைப்பதில் என்ன தவறு?

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். மன்னார்குடி பேருந்து நிலையத்தில், எங்களிடம் ஆறு மாதமாக வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். நன்றாகத் தேறியிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையை ஆட்டி, "மாத்திரை தீர்ந்துடுச்சா, செவ்வாய்க்கிழமை வந்துடும்மா" என்றேன். அவள் பக்கத்தில் அவளுடைய மாமியார் நின்றிருந்தார். அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. அந்தப் பிரிவைப் பயிற்சி வகுப்புகளில் நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். இப்போது வெளியே யாரைப் பார்த்தாலும், அவர்களாக முதலில் பேசினால் ஒழிய, தெரியாதவள் மாதிரிக் கடந்துபோகிறேன். புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே, "வெளியில பார்த்தா நான் பேச மாட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் பலர் தோளைத் தளர்த்தி உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

நாகப்பட்டினம் பக்கம் போனால் இன்னொரு பழைய காயம் இருக்கிறது. 2004 சுனாமியில் தமிழ்நாட்டில் மிக அதிகம் பேரைப் பறிகொடுத்தது அந்த மாவட்டம்தான், ஆறாயிரம் பேருக்கும் மேல். அக்கரைப்பேட்டைப் பக்கத்தில் ஒரு பெரியவர் என்னிடம், "அப்ப கவுன்சலிங்னு நெறைய பேர் வந்தாங்க. எத்தனை பேரு செத்தாங்கன்னு கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க, போனாங்க. அடுத்த வாரம் வேற ஆளு வந்து அதையே கேட்டாங்க" என்றார். நான் கையில் வைத்திருந்த படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். எங்கள் வேலையிலும் அதே குறை உண்டு. ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள் மாறுகிறார்கள், மருத்துவர்கள் இடமாற்றம் ஆகிறார்கள். "போன டாக்டர் எங்கே?" என்று கேட்பவரிடம், கதையை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்கும்போது எனக்கு நெஞ்சு சுருங்கும்.

தர்காவுக்கும் கோயிலுக்கும் போகிறவர்களைப் பற்றி நான் கோபப்படுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. முத்துப்பேட்டையிலும் சரி, காவிரிக்கரையில் குணசீலத்தில் 48 நாள் தங்குபவர்களிடமும் சரி, நான் பார்த்தது ஒன்றுதான்: அங்கே நோயாளியோடு குடும்பமும் தங்குகிறது, யாரும் அவசரப்படுத்துவதில்லை. எங்களிடம் ஒருவருக்குக் கிடைப்பது பல நாட்களில் ஐந்து நிமிடம். ஆனால் சங்கிலியை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அது நம் சனங்களுக்கு நேர்ந்தது. சங்கிலியால் கட்டுவதை இன்று சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. அதனால், "அங்க போங்க, வேண்டிக்கோங்க, மாத்திரையையும் கொண்டு போங்க, கட்ட மட்டும் விடாதீங்க" என்பதுதான் என் பேச்சு.

மருந்து குடித்துப் பிழைத்து வந்தவர்களின் வீட்டார் இன்றும் போலீசுக்குப் பயந்து, "வயித்து வலி சார்" என்பார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. 2018 மே முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் பல வீடுகளில் உண்மை வரும். கூடவே, எந்த நேரமும் கூப்பிடக்கூடிய அரசு மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணை மாத்திரைக் கவரின் பின்னால் எழுதிக் கொடுத்துவிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு நாங்கள் இருக்க மாட்டோம் இல்லையா.

சரி, அந்த அக்காவுக்கு வருகிறேன். தர்காவில்தான் அவரைச் சந்தித்தேன். மாத்திரையைப் பற்றி முதல் இரண்டு முறையும் பேசவில்லை. மூன்றாவது முறை, "உங்க பையனுக்குக் கை நடுங்குனது மாத்திரையாலதான்க்கா. நீங்க சொன்னது சரி" என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அப்பவே ஒருத்தர் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் பையனோடு வந்தார். எங்கள் டாக்டர் வேறு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி, என்ன ஆகலாம், என்ன ஆனால் உடனே வர வேண்டும் என்று பையனிடமே சொன்னார். தூக்கம் வந்தது, குரல்கள் குறைந்தன. முழுக்கப் போய்விடவில்லை. இப்போது அவன் மாமாவோடு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கப் போகிறான்.

போன தை அறுப்பு முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா இன்னொரு பெண்ணோடு வந்தார். "எதுத்த வீடு. சுகர் பார்க்கப் போறோம்னு வீட்ல சொல்லிட்டு வந்திருக்கோம்" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் உட்காரவில்லை. சீட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டாள்:

"மாத்திரை சாப்பிட்டா கை நடுங்குமாமே?"

"சிலருக்கு நடுங்கும்" என்றேன். "எப்ப நடுங்கும், அப்ப என்ன செய்யணும்னு சொல்றேன், உட்காருங்க."