கையில டாட்டூ இருக்கிற பிள்ளை காயம் கட்டக்கூடாதோ?

வாட்டுக்குப் புதுசா ஒரு பிள்ளை டியூட்டிக்கு வந்தா நான் முதல்ல பாக்கிறது கையைத்தான். நகம் ஒட்ட வெட்டியிருக்கோ, மோதிரம் கிடக்கோ, மணிக்கட்டில ஏதும் கட்டியிருக்கோ எண்டு. சேர்ஜிக்கல் வாட்டில கனகாலம் நேர்ஸா நிண்டா கண் தன்ர பாட்டில அங்கதான் போகும். டாட்டூ இருக்கோ இல்லையோ எண்டது என்ர கணக்கில வாறதே இல்ல, ஆனா இப்ப யாழ்ப்பாணத்தில கன இளம் ஆக்கள் குத்தத் துவங்கிட்டினம், அதில சிலபேர் மெடிக்கல் ஃபகல்ட்டியிலயும் நேர்சிங் ஸ்கூலிலயும் படிக்கினம், அப்ப இந்தக் கதை வாட்டுக்குள்ளயும் வந்திட்டுது. வந்த விதம்தான் எனக்குப் பிடிக்கேல்ல.

எங்களோட வேலை செய்த ஒரு பிள்ளையைச் சொல்லுறன். வன்னிப் பிள்ளை. 2009ல சின்னப் பிள்ளையா இருக்கேக்க ஷெல் பீஸ் பட்டு இடது முன்னங்கையில நீளத்துக்கு ஒரு தழும்பு. வளந்தாப்பிறகு அந்தத் தழும்புக்கு மேலால ஒரு வெற்றிலைக் கொடி குத்தினவ. ஏன் எண்டா எங்க போனாலும் ஆக்கள் அந்தத் தழும்பைப் பாத்து எங்க பட்டது, எப்பிடிப் பட்டது, வீட்டில வேற ஆருக்கும் பட்டதோ எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவை, அவவும் முள்ளிவாய்க்காலைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டி வந்தது. எங்கட இடத்தில தழும்பு எண்டது லேசான விசயம் இல்ல, செக் பொயின்ற்றில சேட்டைக் கழட்டிக் காட்டின ஆக்கள் இன்னும் எங்களோட இருக்கினம். "இப்ப கொடியைப் பற்றித்தான் அக்கா கேக்கினம், அது எனக்குச் சுகம்" எண்டு எனக்கு ஒருக்காச் சொன்னவ.

அந்தக் கையைத்தான் மறைக்கச் சொன்னவை. சொன்ன ஆள் கெட்டவர் இல்ல, நோயாளியள் என்ன நினைப்பினம் எண்டுதான் யோசிச்சவர். ஆனா எங்கட யூனிஃபோம் அரைக்கை, எதால மறைக்கிறது? கடைசியில பிள்ளை கிறேப் பண்டேஜ் ஒண்டைச் சுத்திக்கொண்டு வரத் துவங்கிட்டுது. இதில என்ன நடந்தது எண்டா, ஒரு நோயாளியைத் தொட முதலும் கை கழுவோணும், தொட்டாப்பிறகும் கழுவோணும், காயத்தில கை வைக்க முதல், இரத்தம் சலம் பட்டாப்பிறகு, கட்டிலையும் மேசையையும் தொட்டாப்பிறகும் கூட, உலக சுகாதார நிறுவனம் சொல்லுற அந்த 5 தருணமும் ஒரு காலமை டியூட்டிக்குள்ள எத்தினை தரம் வரும் எண்டு வாட்டில நிண்டவைக்குத் தெரியும். ஒவ்வொரு தரமும் பண்டேஜ் நனையுது. நனைஞ்ச துணியோட அடுத்த கட்டிலுக்குப் போறா. நோயாளியள் வேற "பிள்ளைக்குக் கையில என்ன புண்ணோ" எண்டு கேட்டுப் பயப்பிடினம். டாட்டூவால வராத பயத்தைப் பண்டேஜ் கொண்டந்திட்டுது, உண்மையான தொற்று ஆபத்தையும் சேத்து.

இங்கிலாந்தில 2007ல இருந்து முழங்கைக்குக் கீழ ஒண்டும் இருக்கக்கூடாது எண்டுதான் ஆஸ்பத்திரியளில சொல்லினம், நீளக்கைச் சட்டை, மணிக்கூடு, கல்லு வைச்ச மோதிரம் ஒண்டும் இல்ல. அப்ப முன்னங்கையில இருக்கிற டாட்டூ வெளிய தெரியும்தான். என்னோட படிச்சு இப்ப லண்டனில நேர்ஸா இருக்கிற சிநேகிதி சொல்லுறா, ஆக்களைப் புண்படுத்துற படம், தூசணம் எண்டாத்தான் தங்கட இடத்தில பிரச்சினை, மற்றபடி கேக்க மாட்டினம் எண்டு. கழுவ ஏலுமான கை எண்டதுதான் அங்க முதல் கணக்கு.

டாட்டூ எண்டா என்ன எண்டதையும் சொல்லோணும், ஏன் எண்டா வாட்டில இருக்கிறவையே அதில கிருமி கிடக்கும் எண்டு கதைக்கிறதைக் கேட்டிருக்கிறன். மை நிக்கிறது மேல்தோலில இல்ல, அதுக்குக் கீழ இருக்கிற படையில, அங்க எங்கட நோய் எதிர்ப்புச் செல்லுகள் அந்த மையை விழுங்கி வைச்சுக்கொண்டு இருக்கும், அதாலதான் அழியாமக் கிடக்குது. ஆறின டாட்டூவுக்கு மேல இருக்கிறது மற்ற இடத்தில இருக்கிற அதே தோல், சோப் போட்டா அதே மாதிரிச் சுத்தமாகும். புதுசாக் குத்தினது வேற கதை, அது காயம், நீர் வடியும், பொருக்கு விழும், அது ஆறும் மட்டும் நேரடியா நோயாளியில கை வைக்கக்கூடாது, அல்லாட்டித் தண்ணி போகாத டிரெசிங்கால மூடியிருக்கோணும். அதில நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

ஆனா ஒண்டைக் கேக்கிறன், மணிக்கட்டு நூலைப் பற்றி ஏன் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல? கேதாரகௌரி விரதம் முடிஞ்ச அடுத்த கிழமை எந்த வாட்டுக்குள்ளயும் போய்ப் பாருங்கோ, டொக்டர், நேர்ஸ், அட்டென்டன்ட் எண்டு பாதிப்பேரின்ர கையில காப்பு. சிலபேர் அடுத்த விரதம் வரைக்கும் கழட்டிறேல்ல, அந்த நூல் சோப்புத் தண்ணியிலயும் சீழிலயும் நனைஞ்சு கறுத்துப்போய்க் கிடக்கும். நானும் 21 நாளும் விரதம் இருக்கிறனான், எனக்கும் அம்மன் வேணும், காப்பு வேணும், அதால முழங்கைக்கு மேல கட்டுறனான், ஐயரும் மறுக்கேல்ல. கழுவேலாத நூலைப் பக்தி எண்டு விட்டிட்டு கழுவக்கூடிய தோலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது தொற்றுக் கட்டுப்பாடு இல்ல.

நோயாளியளின்ர பக்கத்தையும் நான் லேசா எடுக்கேல்ல. சீனி வருத்தத்தால காலில புண் வந்து நிண்ட ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், அந்தப் பிள்ளை டிரெசிங் ட்ரொலியோட வர "மிஸி, உந்தப் பிள்ளை வேண்டாம், நீங்களே கட்டிவிடுங்கோ" எண்டிட்டார். பிள்ளையின்ர முகம் செத்துப்போச்சு. நான் அவரோட இருந்து கதைச்சன். அவருக்கு டாட்டூ எண்டா வாள்வெட்டுக் கோஷ்டிப் பெடியள்தான் ஞாபகம், அவரின்ர ஒழுங்கையிலயே ஒரு வீட்டுக்குள்ள பூந்து வெட்டினவங்களாம், அவருக்கு அந்தப் பயம் உண்மை. அண்டைக்கு நான் கட்டினன். அடுத்த நாள் டியூட்டிக்கு ஆள் காணாது, பிள்ளைதான் கட்டினது, அவர் பேசாமக் காலை நீட்டினார். புண் நல்லாத்தான் ஆறிச்சுது, ஆனா வீட்டுக்குப் போகும் மட்டும் மனுசன் மனம் மாறேல்ல, அந்தப் பிள்ளையோட ஒரு சொல் கதைக்கேல்ல. மாறத்தான் வேணும் எண்டும் நான் எதிர்பாக்கேல்ல. வருத்தத்தோட படுத்திருக்கிற வயசான மனுசனுக்குத் தன்ர பயத்தோட இருக்க உரிமை இருக்கு. ஆனா அவரின்ர பயத்தை வைச்சு டியூட்டி லிஸ்ட் போடேலாது.

அதே வாட்டில கிளிநொச்சியில இருந்து வந்த ஒரு ஆச்சி, 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து குடியேறின குடும்பம். அவவின்ர ரெண்டு முன்னங்கையிலயும் பச்சை, கோலமும் புள்ளியுமா. பிள்ளையின்ர கையைப் பிடிச்சு வைச்சு "யாரு கண்ணு குத்துனா, நல்லா இருக்கே, எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி குத்துனது" எண்டு சொல்லிக்கொண்டு இருந்தா. அந்த ஆச்சியின்ர கையைப் பாத்து ஒழுக்கம் இல்லாத மனுசி எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. பிள்ளையின்ர கையைப் பாத்துச் சொன்னவை, வாட்டுக்கு வெளிய, எனக்குக் கேக்கக்கூடியதா. எச்.ஓவா, அதாவது படிப்பு முடிச்சுப் பயிற்சி டொக்டரா, வந்த ஒரு தம்பிக்கும் மணிக்கட்டுக்கு மேல டாட்டூ இருந்தது, அவரை ஸ்டைலான டொக்டர் எண்டினம். இதில டாட்டூவை விடப் பொம்பிளைப் பிள்ளை எண்டதுதான் கூடப் பாரம், அதைச் சொல்லாம விடேலாது.

அமெரிக்காவில பென்சில்வேனியாவில ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில அதே டொக்டர்மாரை ஒருநாள் டாட்டூவோடயும் இன்னொரு நாள் இல்லாமலும் வேலை செய்ய விட்டு, விசயத்தைச் சொல்லாம நோயாளியளிட்டக் கேட்டுப் பாத்தவை, 2018ல அது வெளியானது. திறமை, நம்பிக்கை, அக்கறை எண்டு எதிலயும் வித்தியாசம் வரேல்ல. அதை அப்பிடியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டந்து வைக்க மாட்டன், ஆனா "நோயாளியள் நம்ப மாட்டினம்" எண்டு நாங்கள் சொல்லேக்க அது நோயாளியின்ர எண்ணமோ எங்கட எண்ணமோ எண்டு ஒருக்கா யோசிக்கலாம்.

மருந்து குடுக்கிற ஆள் எப்பிடித் தெரியோணும் எண்ட வழக்கு எங்கட ஊர் மருத்துவத்தில பழசு. 1847ல அமெரிக்காவில இருந்து வந்து மானிப்பாயில மருத்துவம் படிப்பிச்ச டொக்டர் சாமுவேல் கிறீன், தன்னட்டப் படிக்கிற தமிழ்ப் பெடியள் கால்சட்டையும் கோட்டும் போட்டா உதவிப்பணம் இல்ல எண்டு வைச்சிருந்தவர். தங்கட ஆக்களுக்குள்ள இருந்து தங்கட ஆக்கள் மாதிரியே வந்து மருந்து குடுக்கோணும் எண்டது அவரின்ர எண்ணம். இண்டைக்கு வேட்டியோட ஒரு கன்சல்டன்ட் வாட் ரவுண்ட் வந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பம்.

அதுக்காக எதையும் எங்கயும் குத்தலாம் எண்டும் நான் சொல்லேல்ல. 2014ல ஒரு பிரித்தானியப் பெண்ணைக் கட்டுநாயக்காவில பிடிச்சவை, மேல்கையில புத்தர் டாட்டூ எண்டு, நாலு நாள் தடுத்து வைச்சுத் திருப்பி அனுப்பினவை, அவவும் ஒரு நேர்ஸ்தான். 2017ல உயர் நீதிமன்றம் அது பிழை எண்டு 8 லட்சம் ரூபா குடுக்கச் சொன்னது. சட்டம் அவவின்ர பக்கம் நிண்டது, ஆனாலும் எல்லாச் சமய ஆக்களும் படுத்திருக்கிற வாட்டில வேலை செய்யிறவை என்ன படம், எந்த இடம் எண்டு யோசிக்கத்தான் வேணும்.

போன மாசம் எங்கட ஒழுங்கையில ஒரு தாய் மறிச்சுக் கேட்டவ, மகள் நேர்சிங்குக்குப் போடப்போறாளாம், கையில டாட்டூ இருக்காம், லேசர் அடிச்சு எடுப்பமோ எண்டு. வேண்டாம் அக்கா எண்டன், முதல் எங்க குத்தினது, ஊசி புதுசா உடைச்சதோ எண்டு மகளிட்டக் கேளுங்கோ. சரியாத் தெரியாட்டி ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி மூண்டுக்கும் இரத்தம் குடுத்துப் பாக்கட்டும், ஹெப்படைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்ல. ஹெப்படைட்டிஸ் பி-க்கு இருக்கு, 0, 1, 6 எண்டு மாசக் கணக்கில மூண்டு ஊசி, வாட்டுக்குள்ள கால் வைக்க முதல் அது முடிஞ்சிருக்கோணும், இண்டைக்கே துவங்கச் சொல்லுங்கோ எண்டு சொல்லி, எங்க போய்ப் போடுறது எண்டதையும் ஒரு துண்டில எழுதிக் குடுத்தனான்.