கேட்குது, ஆனா நிக்க மாட்டேங்குது

"ஏழு, நாலு, ஒன்பது, ரெண்டு. இதைக் கடைசியிலேருந்து சொல்லுங்க."

"ரெண்டு... ஒன்பது..." அதோடு நின்றுவிட்டார். விரல்கள் மேசை விளிம்பில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் கவனமாக் கேளுங்க" என்றேன்.

"கேட்குதுக்கா. ஆனா நிக்க மாட்டேங்குது."

சிங்கப்பூரில் நினைவாற்றல், கவனம் இவற்றைச் சோதிக்கும் தெரப்பிஸ்ட்டாக 16 வருடமாக வேலை பார்க்கிறேன். அன்றிலிருந்து "கவனமா" என்ற சொல்லை யாரிடமும் சொல்வதில்லை.

அந்தப் பெண்ணுக்கு 33 வயது. நாலு வயதில் ரத்தப் புற்றுநோய். நோய் மூளையில் ஒளிந்துகொள்ளக் கூடாதென்று தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரில் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தைச் செலுத்தினார்கள். பிள்ளையைப் பிழைக்க வைத்த சிகிச்சைதான் வளர்ந்துகொண்டிருந்த மூளையின் வெண்பொருளையும் தொட்டுவிட்டது. மூளைக்குள் செய்தி ஓடும் கம்பிகள் அவை. அங்கே பழுதானால் வேகம் குறையும். காதில் விழுந்ததை மனத்தில் பிடித்துவைப்பது கடினமாகும். சின்ன வயதிலேயே கதிர்வீச்சு பட்டவர்களுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, பாதிப்பு கூடுதல். இதனால்தான் மருத்துவர்கள் கதிர்வீச்சைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அது இல்லாமலே இந்த நோயைக் குணப்படுத்தலாம் என்று அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இவர் அதற்கு முந்தைய தலைமுறை.

கணக்குப் பிரிவில் வேலை. இது மூன்றாவது நிறுவனம். இன்வாய்ஸ் போடும்போது ஃபோன் அடித்தால் மறுபடி முதலிலிருந்துதான். மேலாளர் நடந்துகொண்டே சொல்லும் மூன்று வேலைகளில் ஒன்றுதான் மிஞ்சும். ஆண்டு மதிப்பீட்டில் "அக்கறை போதாது" என்று எழுதியிருந்தார்கள். அக்கறைக்கு என்ன குறைச்சல்? மாலையில் எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே தூங்கிவிடுவாராம், அவ்வளவு களைப்பு.

"அதான் குணமாயிடுச்சே, இப்ப என்னம்மா?" என்றார் கூட வந்திருந்த அம்மா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் வாழ்ந்தவர். படம் வரைந்து விளக்கினேன். படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிஎஸ்எல்இ பரீட்சை நேரத்துல இவளை அடிச்சிருக்கேன்மா. சோம்பேறின்னு."

மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அம்மாவிடம் நீட்டினார்.

மேலாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். வேலையை வாயால் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். காலை இரண்டு மணி நேரம் ஃபோன் கூடாது. முடிக்கக் கூடுதல் அவகாசம் வேண்டும். வாசித்துக் காட்டினேன். "சின்ன வயதில் புற்றுநோய் வந்ததால்" என்ற இடத்தில் கை வைத்தார்.

"சின்ன வயசுல எடுத்த சிகிச்சைனு போடுங்கக்கா. நோய் போயிடுச்சு."

மாற்றி எழுதினேன்.