சரளைக் குவாரி விரிவாக்கம்: பரிசீலனை நாட்குறிப்பு

பிப்ரவரி 3

சரளைக் குவாரியை விரிவாக்கக் கோரும் விண்ணப்பத்தின் கோப்பு திட்டக் குழு உறுப்பினர்களுக்கு இன்று வழங்கப்பட்டது. இணைப்புகளோடு சேர்த்தால் இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய கனம். முன்னுரையை ஒதுக்கிவிட்டுப் போக்குவரத்து அத்தியாயத்தைத்தான் முதலில் திறந்தேன். குவாரியின் வேலி முடியும் இடத்தில் அதன் லாரிகள் நின்றுவிடுவதில்லை. எடை அதிகமாகவும் விலை குறைவாகவும் உள்ள சரளையைத் தொலைவிலிருந்து கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது என்பதால், கட்டடங்கள் எழும் பகுதிக்கு அருகிலேயே அதைத் தோண்ட வேண்டியிருக்கிறது. அதனால் குடியிருப்போரும் லாரிகளும் ஒரே சாலையில் போக நேர்கிறது. குவாரியே கூடாது என்பது என் நிலைப்பாடு அல்ல. உலகம் ஆண்டுதோறும் சுமார் 5,000 கோடி டன் மணலையும் சரளையையும் பயன்படுத்துவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் மதிப்பிட்டது. அதில் என் வீட்டுக் கான்கிரீட்டும் அடக்கம்.

பிப்ரவரி 5

‘நாளொன்றுக்குச் சராசரியாக 100 லோடு’ என்று அறிக்கை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. ஆண்டுக்கு 5 லட்சம் டன், 250 வேலைநாட்கள், லாரிக்கு 20 டன் என்று கொண்டால் கணக்கு சரிதான். ஆனால் நிறைந்து போகும் லாரி காலியாகத் திரும்பி வந்தாக வேண்டும் என்பதால், சாலையோரத்தில் வசிப்பவருக்கு அது 200 நடை. பத்து மணி நேர வேலைநாளில் மூன்று நிமிடத்துக்கு ஒரு லாரி. வகுக்கும் எண்ணை 300 நாட்களாக்கினால், ஒரு லாரியைக்கூடக் குறைக்காமல், 100 லோடு 83 ஆகிவிடும். கட்டுமான வேலைகள் காலையில் தொடங்குவதால் லாரிகள் அந்த நேரத்தில்தான் வரிசையாகக் கிளம்பும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் அப்போதுதான். உச்ச நாளில் எத்தனை நடை, உச்ச மணியில் எத்தனை நடை என்ற இரண்டு எண்களைத் தேடி அத்தியாயத்தை மும்முறை புரட்டினேன். இல்லை.

பிப்ரவரி 11

குழுவாகக் களத்துக்குச் சென்றோம். வாசலில் சக்கரங்களைக் கழுவும் தொட்டி இருக்கிறது. அதில் இறங்கி ஏறிய டிப்பரின் ஈரத் தடம் சாலையில் சிறிது தூரம் கறுப்பாக நீண்டு, காய்ந்ததும் வெளிறிய புழுதிக் கோடாக மாறியது. தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டியிருந்த லாரியின் பின்கதவு இடுக்கிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக் கல் ஒன்று உதிர்ந்து, இரண்டு முறை துள்ளி, என் செருப்பருகே வந்து நின்றது. தார்ப்பாய் கட்ட வேண்டும் என்று நிபந்தனை எழுதும்போது பின்கதவையும் சேர்த்து எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

தார்ச்சாலையின் விளிம்பு வளைவுகளில் பொடிந்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் பெற்ற விதி ஒன்று உண்டு: சாலைக்கு ஏற்படும் சேதம், அச்சு எடையின் (சக்கர அச்சு ஒன்றின்மேல் இறங்கும் பாரத்தின்) ஏறத்தாழ நான்காம் மடிக்கு, அதாவது அதை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண்ணுக்கு, ஏற்பக் கூடுகிறது. அதன்படி, அச்சு எடை 20 சதவீதம் கூடினால் சேதம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே ‘சராசரி எடை வரம்புக்குள் உள்ளது’ என்ற வாக்கியத்தால் சாலைக்கு ஒரு பயனும் இல்லை. வரம்பை மீறும் சில லாரிகளை எடைமேடையில் நிறுத்துகிறார்களா என்பதே கேள்வி.

பிப்ரவரி 12

ஒலி அத்தியாயத்திலும் அதே சராசரி. ஒரு மணி நேரத்தில் ஆறு நிமிடங்கள் மட்டும் 80 டெசிபல் ஒலித்து, மற்ற நேரம் அமைதியாக இருந்தால், மணிச் சராசரி 70 என்று வரும். பின்னோக்கி நகரும் வண்டியின் எச்சரிக்கை ஒலி விடியற்காலையில் தூக்கத்தைக் கலைப்பது அந்த எண்ணில் தெரியாது.

பிப்ரவரி 16

நீரியல் அத்தியாயம் இன்றைய பொழுதை முழுவதும் எடுத்துக்கொண்டது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் பள்ளம் குளமாகிவிடும். சரிவாக ஓடிக்கொண்டிருந்த நீர்மட்டம் அங்கே சமதளமாகிவிடுவதால், நீரோட்டத்துக்கு மேற்புறமுள்ள கிணறுகளில் நீர் தாழவும் கீழ்ப்புறத்தில் உயரவும் கூடும். வடிகட்டியாக இருந்த மண்ணும் சரளையும் அகன்ற பின், சிந்தும் டீசல் நேராக நீரில் கலக்கும். தோண்டும் ஆழத்தை அறிக்கை ‘ஆண்டுச் சராசரி நீர்மட்டத்துக்கு மேல்’ என்று வரையறுக்கிறது; அப்படியானால் ஆண்டின் ஒரு பகுதியில் பள்ளத்தின் அடி நீருக்குள் இருக்கக்கூடும். ‘பதிவான மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேல்’ என்று திருத்தக் கோரியிருக்கிறேன்.

பிப்ரவரி 20

கருத்துக் கேட்புக் கூட்டம். முதிய பெண்மணி ஒருவர் தம் ஜன்னலைத் துடைத்த துணியை மேசைமேல் விரித்துவைத்தார். “ஆண்டுச் சராசரிப்படி தூசி அளவுக்குள்தான் இருக்கிறது, அம்மா” என்றார் விண்ணப்பதாரரின் ஆலோசகர். “நான் காற்றடிக்கிற அன்றைக்குத்தானே ஐயா ஜன்னலைச் சாத்துகிறேன்” என்றார் அவர். துணியில் படிவது பெரும்பாலும் பெருந்துகள். நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது. கல்லை உடைக்கும்போது எழும் படிகச் சிலிக்கா தூசியைப் புற்றுநோய்க் காரணியாக சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. கல்லை உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளிப்பதோடு, காற்று வேகம் கூடும்போது உடைப்பானை நிறுத்தவும் வேண்டும் என்று வலியுறுத்தினேன்.

உச்ச நாள் எண்ணை நேரடியாகக் கேட்டபோது, ஆலோசகருக்குப் பின்னால் அமர்ந்திருந்த குவாரி மேலாளர்தான் எழுந்து பதில் சொன்னார்: 180 லோடு. மறைக்கும் நோக்கம் அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பிப்ரவரி 24

முடிவு ஒத்திவைக்கப்பட்டது. 180 லோடை அடிப்படையாகக் கொண்டு போக்குவரத்து ஆய்வைத் திரும்பச் செய்து தருமாறு விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது. நாளை காலை ஐந்தரை மணிக்கு நானும் இன்னொரு உறுப்பினரும் வளைவருகே நின்று லாரிகளை எண்ணப்போகிறோம். போவதற்கு ஒரு பக்கம், வருவதற்கு ஒரு பக்கம் என்று நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.