நாலு தடவை திரும்பிய பிளேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தை மேலே இருந்து பார்க்க நான் ஐந்து தடவை புறப்பட வேண்டியிருந்தது. நாலு தடவை பாதி வழியில் திரும்பினேன். லைசன் எப்படி எடுத்தாய், பிளேன் எப்படி வாங்கினாய் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் எனக்குச் சொல்ல ஆசை அந்த நாலு திரும்பலைப் பற்றித்தான்.

பிறந்தது இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நான் பன்னிரண்டு வருடம் கத்தாரில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, ஹட்டனில் வாகன உதிரிப்பாகக் கடை போட்டவன். எங்கள் வீட்டில் பிளேன் என்றால் ஒரே ஒரு கதைதான். 1974 டிசம்பர் 4, இரவு பத்து மணி போல, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்களை ஏற்றி வந்த டச்சு விமானம் ஏழு கன்னி மலையில் மோதியது. டிசி-8 ரக ஜெட். 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. விமானிகள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, கொழும்புக்கு இறங்குவதாக நினைத்து மலைக்குள் இறங்கிவிட்டார்கள். அடுத்த நாள் மலை ஏறிய ஆண்களில் அப்பாவும் ஒருவர். பார்த்ததைப் பற்றி அவர் கடைசிவரை பேசியதில்லை. அதனால் நான் பிளேன் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா ஒன்றுதான் கேட்டார்: “வேற வேலையே கெடைக்கலையா ஒனக்கு?”

லைசன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் மருத்துவப் பரிசோதனை. இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் போதும். கண், காது, இரத்த அழுத்தம், நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியுமா என்பதெல்லாம் பார்ப்பார்கள். பிறகு எழுத்துப் பரீட்சைகள்: வான் சட்டம், வானிலை, வழிகாணல், எஞ்சின், மனித உடலின் எல்லைகள் என்று நீளும். ரேடியோவில் ஆங்கிலம் பேச வேண்டும். அதற்கு நாலாம் நிலையாவது வாங்கியே ஆக வேண்டும். கத்தாரில் பாகிஸ்தான்காரர்களோடும் பிலிப்பினோக்களோடும் பேசிய ஆங்கிலம் எனக்கு அங்கே கைகொடுத்தது. பறந்த கணக்கு குறைந்தது 40 மணி, அதில் பத்து மணி தனியாக. தனிப் பறப்பில் ஒன்று 270 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமானநிலையங்களில் இறங்கி நிற்க வேண்டும். நான் கரையோரமாகக் கொக்கலை, அங்கிருந்து மத்தளை, திரும்பக் கொழும்புக்குப் பக்கத்தில் எங்கள் விமானநிலையமான ரத்மலானை என்று போனேன். எனக்கு 40 மணியில் முடியவில்லை, 61 ஆனது. வெள்ளிக்கிழமை இரவு கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி, சனி காலை தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்கிறவனுக்கு அவ்வளவு ஆகும்தான்.

பிளேன் முழுதாக என்னுடையது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு. கண்டியில் ஒரு டாக்டர், கொழும்பில் ஒரு மொத்த வியாபாரி, நான். நாற்பது வருடத்துக்கு மேல் பழைய செஸ்னா 172, நாலு சீட், 160 குதிரைவலு எஞ்சின். வாங்குவதற்கு முன் ரத்மலானையில் ஒரு பொறியியலாளரைப் பிடித்து இரண்டு நாள் கழற்றிப் பார்க்க வைத்தோம். குறைந்த மணி ஓடிய எஞ்சின் என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஓடாமல் நிற்கும் எஞ்சின் உள்ளே துருப்பிடிக்கும். ஜெனரேட்டரில் எத்தனை பார்த்திருக்கிறேன். ரத்மலானையிலோ கடல் கூப்பிடு தூரம், உப்புக் காற்று வேறு. சிலிண்டருக்குள் சின்னக் கெமராவை விட்டுப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுத்தோம். என் பங்குக்கு ஒரு நல்ல வேன் வாங்கியிருக்கலாம். அதன் பிறகுதான் உண்மையான செலவு தொடங்கியது: நிறுத்துமிடம், காப்புறுதி, 50 மணிக்கு ஒருமுறை ஒயில், 100 மணிச் சோதனை, வருடாந்தப் பறப்புத் தகுதிச் சான்றிதழ். பெற்றோல் மணிக்கு 30 லீட்டருக்கு மேல் குடிக்கும். நாலு சீட் இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். டேங்கை நிரப்பினால் நாலு பெரிய ஆட்கள் ஏற முடியாது, எடை கூடிவிடும் என்று சொன்னால், “அப்ப அரை டேங்க் போடு” என்கிறார் மச்சான். அரை டேங்கோடு மலைக்குப் போவதற்கு அவரையே அனுப்பலாம்.

முதல் பாடம் மலையில் கிடைக்கவில்லை, ரத்மலானை ஓடுபாதையிலேயே கிடைத்தது. ஒரு சனிக்கிழமை ஓடத் தொடங்கியதும் வழக்கம்போல வேகமானியைப் பார்த்தேன். ஊசி அசையவில்லை. பிளேன் ஓடுகிறது, பக்கத்துப் புல் பின்னால் பறக்கிறது, ஊசி மட்டும் தூங்குகிறது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை இழுத்து எஞ்சினை அடக்கி, பிரேக் பிடித்து, டவருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இடது இறக்கைக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் இருக்கும், பிட்டோ என்பார்கள். எதிர்க்காற்று அதற்குள் நுழைந்துதான் வேகம் காட்டும். மெக்கானிக் மெல்லிய கம்பியால் கிண்டினார். காய்ந்த மண் கட்டியாக விழுந்தது, பின்னாலேயே ஒரு பச்சைப் புழு. குளவி! குஞ்சுக்குத் தீனி வைத்து வாயை மண்ணால் பூசிவிட்டுப் போயிருக்கிறது. கொழுந்து மலையில் குளவிக்குப் பயந்து வளர்ந்தவன் நான், அது என்னைத் தேடி ரத்மலானைக்கே வந்துவிட்டது. அந்தக் குழாய்க்குப் போடும் சிவப்பு நாடா கட்டிய உறை எங்கே என்றால், போன வாரம் நானே கழற்றி, என் வேனின் பின் சீட்டில் போட்டிருந்தேன். புறப்படும் முன் பிளேனைச் சுற்றி வரும்போது அந்தக் குழாயைப் பார்க்கத்தான் செய்தேன். ஓட்டைக்குள் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் சுற்றி வர அரை மணி எடுக்கிறேன். டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெற்றோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். விமானப் பெற்றோல் இளநீலம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத ஒரு குண்டு மணி போல உருளும். ஒரு மழை வாரத்துக்குப் பிறகு மூன்று குவளை பிடித்த பின்தான் மணி காணாமல் போனது. டாங்கி மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தது.

சரி, மலைக்கு வருவோம். எனக்குப் பயிற்சி தந்தவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். என்னை ‘மல்லி’ என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் தம்பி. லைசன் கையில் வந்த அன்றைக்கே சொன்னார்: “மல்லி, இது கரையோரத்துக்குத்தான். மலைக்கு நான் கூட வந்து காட்டாமல் போகாதே.” மூன்று நாள் காட்டினார். ஏறிக்கொண்டே மலைக்குள் நுழையாதே, சமவெளிக்கு மேலேயே உயரத்தை எடுத்துக்கொண்டு அப்புறம் போ. பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காதே, ஒரு பக்கமாக ஒதுங்கிப் போ, அப்போதுதான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். மலை முகட்டை நேராகக் கடக்காதே, சாய்வாகப் போ, பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் திரும்பினாலே வெளியே வந்துவிடலாம். ஆற்றுக்குக் குறுக்கே போகும் மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கோபுரத்தைத் தேடு.

இன்னொன்றையும் அவர் தாளில் போட்டுக் காட்டினார். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், ஆயிரம் அடிக்குச் சுமார் நூற்றுக்கு மூன்று வீதம் எஞ்சின் பலம் குறையும். 9,500 அடியில் என் 160 குதிரையில் 115 தான் மிச்சம். வெயில் ஏறினால் இன்னும் மோசம். நுவரெலியா 6,100 அடி. 20 பாகை வெயிலடிக்கும் நாளில் அங்குள்ள காற்று, பிளேனுக்கு 8,000 அடிக்கு மேல் இருப்பதுபோலத்தான். மரக்கறி லொறி கினிகத்தேனை வளைவில் இரண்டாம் கியரில் முனகுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. லொறி நின்றால் சில்லுக்குக் கல் வைக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் தடவை, டிசம்பர். அவிசாவளை தாண்டி, களனி ஆற்றை ஒட்டி யட்டியாந்தோட்டை, கித்துல்கலைப் பக்கம். அங்கே பள்ளத்தாக்கு புனல் மாதிரிக் குறுகும். புனலின் வாயில் மேகம் மூடியிருந்தது. திரும்பினேன். இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் தடவைதான் எனக்கு வியர்த்தது. ஜனவரி, வானம் துடைத்து வைத்த மாதிரி. மேகமே இல்லாத நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அது வடகிழக்குக் காற்றுக் காலம். காற்று மலையின் அந்தப் பக்கம் ஏறி, இந்தப் பக்கம் அருவி போல இறங்குகிறது. தண்ணீர் என்றால் தெரியும், காற்று தெரியாது. நோட்டன் பிரிட்ஜை நோக்கிப் போகும்போது முழு வேகத்தில் மூக்கைத் தூக்கி வைத்திருக்கிறேன், உயரமானி கீழே போகிறது. நிமிடத்துக்கு 300 அடி, பிறகு 400. எதிரே முகடு கண்ணாடியில் மெல்ல மேலே எழும்புகிறது. போகப் போக மேலே எழும்பும் முகட்டைத் தாண்ட முடியாது என்று பெரியவர் சொல்லியிருந்தார். நான் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் இருந்தேன். திரும்பினேன். தாழ்நிலத்துக்கு மேல் வந்ததும் பிளேன் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறத் தொடங்கியது.

மூன்றாவது எஞ்சின் கதை. வெளியே 18 பாகை, ஈரக்காற்று, பக்கத்தில் மேகப் பஞ்சு. எஞ்சின் சுழற்சி மெல்லக் குறைகிறது, நான் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் சரிக்கட்டுகிறேன். மூன்றாம் முறை தள்ளும்போதுதான் உறைத்தது: காபரேட்டரில் பனிக்கட்டி. பெற்றோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்து, ஈரம் உறைந்து காற்று வழியை அடைத்துவிடும். வெளியே பனி விழ வேண்டியதில்லை, நம் மலைநாட்டு ஈரமே போதும். சூடான காற்றை உள்ளே விடும் குமிழை முழுதாக இழுத்தேன். எஞ்சின் இன்னும் மோசமாக இருமியது. உருகிய தண்ணீரைக் குடிக்கிறது, இந்த இடத்தில் பயந்து குமிழைத் திருப்பித் தள்ளிவிடக்கூடாது. அரை நிமிடம் இருக்கும், எனக்குக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் முழு நேரமும் நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் சத்தம் சீரானது. எஞ்சின் சரியாகிவிட்டது, தொடர்ந்து போயிருக்கலாம். என் கை நடுங்கியது. நடுங்கும் கையோடு ஏழு கன்னி மலைப் பக்கம் போக மனம் வரவில்லை.

நாலாவது, சொந்த முட்டாள்தனம். பெற்றோல் வண்டி தாமதமாகி ஒன்பதரைக்குப் புறப்பட்டேன். மலைநாட்டு மேகம் பத்து மணிக்கு எழும்பும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேகத்துக்கு நடுவில் ஒரு ஓட்டை, அதற்குள் காசல்ரீ நீர்த்தேக்கம் பளபளக்கிறது. இறங்கிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் வட்டமடித்தேன். நான் வட்டமடித்து முடிக்கும் முன் ஓட்டையின் அளவு பாதியாகிவிட்டது. உள்ளே இறங்கியிருந்தால் மூடி போட்ட சட்டிக்குள் நான்.

ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு முன்கூட்டியே போன் செய்து நேரம் சொல்வேன். அவரும் அக்கம்பக்கத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு தோட்டத்துப் பந்தடி மைதானத்தில் நிற்பார். நாலாம் தடவைக்குப் பிறகு கேட்டார்: “காசல்ரீ தண்ணியில ஒரு பிளேன் வந்து எறங்குச்சே, அந்த மாதிரி வந்துட்டுப் போக வேண்டியதுதானே?” அதற்குச் சில்லுக்குப் பதில் மிதவை, எனக்குச் சில்லு என்று விளக்கினேன். “அப்ப அந்த மாதிரி வாங்கியிருக்கணும்” என்றார்.

ஐந்தாவது, பிப்ரவரி. காற்று சாந்தம், முதல் நாள் இரவே பறப்புத் திட்டம் எழுதி வைத்தாயிற்று. 6.40க்கு ஓடுபாதையை விட்டு எழும்பி, அவிசாவளைக்கு இந்தப் பக்கமே வட்டமடித்து 9,500 அடி எடுத்தேன். சிவனொளிபாத மலை 7,359 அடி. வலப்பக்கம் அது எனக்குக் கீழே நின்றது. நின்று கும்பிட்டே பழகியதைக் குனிந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. எஞ்சின் நின்றால் எங்கே போவது என்று விரலால் வரைபடத்தில் வட்டம் போட்டபடியே போனேன்: என் பிளேன் ஆயிரம் அடி உயரத்துக்கு இரண்டே முக்கால் கிலோமீட்டர் மிதக்கும். ஏழு கன்னி மலையைத் தாண்டும்போது ரேடியோவில் யாரும் பேசவில்லை. கீழே மவுசாக்கலைத் தண்ணீர், அதன் ஓரம் ஸ்டோரின் தகரக் கூரை, தீப்பெட்டி அடுக்கிய மாதிரி லயங்கள். எங்கள் லயம் எது என்று தெரியவில்லை. மைதானம் ஒரு நகம் அளவு. இரண்டு வட்டம் போட்டேன், 7.25க்கு மேற்கே திரும்பினேன்.

இறங்கி, சிவப்பு நாடா உறையை மாட்டிவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் எடுத்தார். பிளேனைப் பார்த்தார்களாம், பிள்ளைகள் எல்லாம் கத்தினார்களாம். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

“நான் பார்க்கலப்பா” என்றார் அம்மா. “எப்படியும் பாதியில திரும்பிப் போயிருவேன்னு ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன்.”