காலி பிக்கப்பின் குலுக்கலைக் குறைத்தல்: வி-கிராஸில் செய்து பார்த்தவை

வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2016இல் இந்தியச் சந்தைக்கு வந்தது, ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராவது. முன்னால் டபுள் விஷ்போனும் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு) காயில் ஸ்பிரிங்கும், பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது வளைந்த இரும்பு பிளேட்டுகளின் அடுக்கு. சரக்கு ஏற்றும் பின்தொட்டி காலியாக இருந்தால் மேம்பால இணைப்புகளிலும் வேகத்தடைகளிலும் பின்பக்கம் தூக்கிப் போடும். இந்த அமைப்புள்ள எல்லா பிக்கப்புகளுக்கும் கீழே உள்ளது பொருந்தும்.

குலுக்கலுக்குக் காரணம் என்னவென்று ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். வண்டியின் எடை ஸ்பிரிங்கை எத்தனை மில்லிமீட்டர் அமுக்குகிறது என்று பாருங்கள். 15.8ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், அந்தப் பக்கம் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது கிடைக்கும். உதாரணத்துக்கு, ஒரு பக்க லீஃப் மில்லிமீட்டருக்கு 5 கிலோ தாங்குவது, காலி வண்டியில் அதன் மேல் 300 கிலோ என்று வைப்போம். அமுக்கம் 60 மி.மீ., ஆட்டம் நொடிக்கு 2 முறை. தொட்டியில் 600 கிலோ ஏற்றினால் பக்கத்துக்கு 300 கூடி அமுக்கம் 120 மி.மீ. ஆகும், ஆட்டம் 1.4க்கு இறங்கும். சாதாரண கார்கள் 1 முதல் 1.5க்குள் இருக்கும். லோடு ஏற்றிய பிக்கப் கார் மாதிரி போவதும், காலி பிக்கப் முதுகை உடைப்பதும் இதனால்தான். தொட்டியில் மணல் மூட்டை போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அதே கணக்கில் 100 கிலோ போட்டால் 2.0 என்பது 1.9 ஆகும், அவ்வளவுதான். டீசல் வீண், கட்டாத மூட்டை பிரேக் அடித்தால் முன்னால் பாயும்.

முதலில் காற்று. செலவே இல்லாத வேலை என்பதால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் காலி வண்டிக்கும் முழு லோடுக்கும் தனித்தனி அளவு இருந்தால், காலிக்கு உரியதை வையுங்கள். பெட்ரோல் பங்கில் கேட்காமலே 40 பி.எஸ்.ஐ. அடித்து அனுப்பும் பழக்கம் உண்டு. காலை குளிர்ந்த டயரில் சொந்த கேஜ் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடிய பின் மறுபடி அளந்தால் 4 பி.எஸ்.ஐ. வரை ஏறியிருக்கலாம். அதற்கு மேல் ஏறியிருந்தால் டயர் அதிகம் மடங்கிச் சூடாகிறது, காற்று போதவில்லை. கனமான ஆல்-டெரெய்ன் டயர் போட்ட வண்டியில் வேறெதைச் செய்தாலும் சின்னச் சின்ன அதிர்வு முழுதாகப் போகாது. தார்ச்சாலைதான் அதிகம் என்றால் ஹைவே டயரே போதும்.

அடுத்தது லீஃப் பிளேட்டுகளின் உரசல். நல்ல பலன் கிடைத்தது இங்கேதான். அடுக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு பிளேட்டின் நுனியும் மேல் பிளேட்டில் உரசி, விரல் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். பள்ளத்தின் நடுவில் பளபளப்பு, ஓரத்தில் செங்கல் தூள் மாதிரி துரு. சின்ன மேடு வரும்போது இந்த நுனி வழுக்க வேண்டும். துரு பிடித்து நின்றால் முழு அடுக்கும் ஒரே கட்டை இரும்பாகி, அடி நேராக சேசிஸுக்குப் போகும்.

கழற்றும் முறை: முன் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, சேசிஸுக்குக் கீழே இரண்டு ஸ்டாண்ட், ஆக்சிலைத் தனியாக டிராலி ஜாக்கியில் தாங்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்கவே கூடாது. ஷாக் அப்சார்பரின் கீழ் முனையைக் கழற்றியதும் பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் இழுபடாமல் பார்த்துக்கொண்டு ஆக்சிலை மெதுவாக இறக்குங்கள். அடுக்கை வெளியே எடுத்த பின் நடு போல்டின் இரண்டு பக்கமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகுதான் அந்த போல்டைத் தளர்த்த வேண்டும். பிளேட்டுகள் ஒவ்வொன்றும் வேறு வளைவில் இருப்பதால், கிளாம்ப் இல்லாமல் கழற்றினால் தெறித்துக் கையை உடைக்கும்.

துருவை ஒயர் பிரஷில் எடுத்து, நுனிகளின் கூர் விளிம்பை மழுக்கி, உரசும் இடத்தில் கிராஃபைட் பூசி, நுனிகளில் நைலான் பேட் வைத்தாயிற்று. பழைய கிரீஸ் அப்பும் வழக்கம் வேண்டாம். புழுதி சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும், போல்ட் போகும் துளைகளில் உள்ள ரப்பர் உறையான புஷ்ஷையும் ஊதவைக்கும். பிளேட்டில் வெல்டிங், கேஸ் சூடு இரண்டும் கூடாது, இரும்பின் டெம்பர் (பதம்) போய் ஒருநாள் முறியும்.

புஷ் மாற்றும்போது பாலியூரிதேன் பக்கம் போகாதீர்கள். நீண்ட நாள் உழைக்கும் என்றாலும் ரப்பரை விட விறைப்பு, அதிர்வைக் கடத்தும். இதைவிடப் பெரிய தவறு இறுக்கும் நேரத்தில் நடக்கிறது. முன் கீழ்க்கையின் போல்டுகளையும் லீஃபின் முனை வளையங்களில் போகும் ஐ போல்டுகளையும் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கியே இருக்கும். குலுக்கலும் கூடும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். கையால் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, அதன் பின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். புதுப் புஷ் போட்டும் சவாரி மாறவில்லை என்று வரும் வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

லீஃபை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும், பழையதைத் திரும்பப் போடக்கூடாது. பக்கத்துக்கு நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, சர்வீஸ் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். லீஃபின் பின்முனையை சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளையும் கவனியுங்கள்: வண்டி நிற்கும்போது அதன் கீழ்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நெட்டுக்குத்தாகவோ முன்னோக்கியோ நின்றால், லீஃப் நீள்வதற்கு இடமில்லாமல் முட்டும்.

ஷாக் அப்சார்பர் மூன்றாவது வேலை. கடையில் முதலில் காட்டுவது ஒற்றைக் குழாய் கொண்ட மோனோட்யூபைத்தான். சூடானாலும் வேலை குறையாது, ஆனால் உள்ளே உயர் அழுத்த கேஸ் இருப்பதால் காலி வண்டியில் சின்ன மேடுகளுக்குக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கல் அடித்துக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். குறைந்த அழுத்த கேஸ் நிரப்பிய, இரட்டைக் குழாய் கொண்ட ட்வின்-ட்யூப் இந்த வேலைக்குப் போதுமானது. ட்வின்-ட்யூபை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுக்க இழுத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மேல் தண்டின் நட்டுக்கு ஏர் கன் வேண்டாம், தண்டு சுழன்று சீல் கிழியும். ரப்பர் புஷ் வாஷர் விளிம்பு வரை பிதுங்கினால் போதும், நசுங்கக் கூடாது. முன்பக்கம் காயிலைக் கழற்ற வேண்டியிருப்பதால், தரமான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாதவர்கள் அதைப் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது.

முன்பக்கம் இரும்பு பம்பரும் வின்ச்சும் இல்லாத வண்டிக்கு ஹெவி டியூட்டி காயில் போடாதீர்கள். லிஃப்ட் கிட் வேறு, சவாரி சுகம் வேறு. காயிலுக்கு மேலே ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் சக்கரம் கீழிறங்கும் தூரம் குறைந்து, பள்ளத்தில் டொக் என்று அடிக்கும்.

ஒரு பிளேட்டை உருவுவது இந்த வண்டியில் செய்யவில்லை. ஒரே தடிமனுள்ள ஐந்து பிளேட்டில் ஒன்றை எடுத்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். விறைப்பு தடிமனின் மும்மடியில் போவதால், 8 மி.மீ. பிளேட்டுகளுக்குப் பதில் 7 மி.மீ. போட்டாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் லோடு தாங்கும் திறனும் கூடவே போகும், பின்பக்கம் தாழும், ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் சீக்கிரம் முட்டும். பிரேக்கில் லோடு சென்சிங் வால்வு உள்ள பிக்கப்பில் சிக்கல் இன்னும் பெரிது. அதன் கம்பி ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் உயரத்தைத்தான் அளக்கிறது. உயரம் மாறினால் பின் பிரேக்கின் அளவும் தப்பாகும், மறுபடி செட் செய்தே ஆக வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நிரந்தரமாகக் காலியாகவே ஓடும் வண்டி என்றால், நடுவில் தடித்து நுனியில் மெலியும் சில பிளேட்டுகளே உள்ள, உரசல் குறைந்த பரபோலிக் லீஃபைத் தேடுவது இதைவிட நல்ல வழி.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பின் சோதனை ஒரே சாலையில், ஒரே வேகத்தில், அரை டேங்க் டீசலோடு. பம்ப் ஸ்டாப் நுனியில் ஈரக் களிமண் ஒட்டிவிட்டு ஓடினால், முட்டியதா என்பது அதன் நசுங்கலில் தெரியும். காற்றைச் சரிசெய்ததில் கூர்மையான அதிர்வு குறைந்தது. நைலான் பேட் வைத்த பின் சின்ன மேடுகளில் லீஃப் உண்மையிலேயே வேலை செய்யத் தொடங்கியது. புது ஷாக் வந்த பின், பெரிய வேகத்தடையைத் தாண்டினால் இரண்டு மூன்று முறை ஆடிக்கொண்டிருந்த பின்பக்கம் ஒரே மூச்சில் அடங்கிவிட்டது. பெரிய பள்ளத்தின் அடி மட்டும் இன்னும் இருக்கிறது, அது ஸ்பிரிங்கின் விறைப்பு.

வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் கோணமும் பார்த்தாயிற்று. 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட் நட்டுகள் எட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் சோதிக்க வேண்டும். பேட் படிந்து உட்காரும்போது அவை கொஞ்சம் தளரும்.