நெல்லைச் சுற்றி ஒரு வேலி

நெல்லைப் பல்லில் கடித்தே ஈரத்தைச் சொல்லிவிடும் பெண்கள் எங்கள் ஆலைக் களத்தில் இருக்கிறார்கள். நொறுக்கென்று உடைந்தால் மூட்டை பிடிக்கலாம். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் காட்ட வேண்டும். நான் ஈரத்தை விழுக்காட்டில் காட்டும் மாய்ஸ்சர் மீட்டரை நம்பிப் பழகியவன். பேட்டைக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே சாலையோரத்தில் உள்ள ஓர் அரிசி ஆலையில் 11 ஆண்டுகளாகச் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன். வந்திறங்கும் நெல்லின் எடை, ஈரப்பதம், கிட்டங்கியில் ஏறிய மூட்டை, அரைவைக்குப் போன மூட்டை எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். கிட்டங்கிச் சாவியும் என்னிடம்தான் இருந்தது.

2023 செப்டம்பரில் அது மாறத் தொடங்கியது. கார் அறுவடை நெல்லோடு வெளிமாவட்ட நெல்லும் வந்து இறங்குகிற காலம். புதிதாக வந்திருந்த மேலாளருக்கு வேண்டிய ஒரு தரகர் அம்பை 16 ரக நெல்லை லாரியில் கொண்டுவந்தார். மீட்டர் 19 காட்டியது. 14 என்று எழுதச் சொன்னார் மேலாளர்.

ஈரத்தில் இருக்கிற வித்தியாசத்தை வெளியார் சிறிது என்று நினைக்கலாம். 100 கிலோ நெல்லில் 19 விழுக்காடு ஈரம் என்றால் 19 கிலோ தண்ணீர், 81 கிலோதான் சரக்கு. அதையே 14 விழுக்காட்டுக்குக் காயவைத்தால் எடை 94 கிலோவுக்கும் சற்றே கூடுதலாக நிற்கும். மீதி ஏறக்குறைய 6 கிலோ வெயிலோடு போய்விடும். ஈர நெல்லைக் காய்ந்த நெல் என்று எழுதி வாங்கினால், போகப்போகிற தண்ணீருக்கும் ஆலை விலை கொடுக்கிறது என்று பொருள். அதில் மேலாளருக்கு என்ன பங்கு என்பது எனக்குத் தெரியாது. கண்ணால் பார்க்காததை நான் சொல்ல மாட்டேன். மீட்டர் காட்டாத எண்ணை எழுத என் கை வரவில்லை என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

மறுநாளே பதிவேடு அலுவலக அறைக்குப் போய்விட்டது. மீட்டர் பார்ப்பது என் வேலையாகவே இருந்தது; எண்ணை எழுதுவது அவர் வேலையானது. ஒவ்வொரு லாரிக்கும் மீட்டர் காட்டிய எண்ணை என் சட்டைப்பை டைரியில் குறித்துவைத்தேன். யாரையும் மாட்டிவிடுவதற்காக அல்ல. 11 ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் விட முடியவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் இருப்புச் சரிபார்த்தார்கள். அந்தத் தரகர் மூலம் வந்த 240 டன் நெல்லில் 15 டன் குறைந்தது. சாவி வைத்திருந்தவன் நான். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, சாவியை வாங்கிக்கொண்டார்கள், முடிவு தெரியும்வரை களத்தில் நின்று நெல் காய்வதைப் பார்க்கச் சொன்னார்கள். டைரியை முதலாளியிடம் நீட்டினேன். "இதை நேற்று ராத்திரிகூட உட்கார்ந்து எழுதியிருக்கலாம்" என்றார் மேலாளர். முதலாளி டைரியைத் திறக்காமலே திருப்பித் தந்தார்.

அன்று மாலை டீக்கடையில் எனக்கு முதுகு காட்டி நின்ற ஒருவர், "வேலியே பயிரை மேய்ந்துவிட்டதாம்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன். பசியைவிட, கடனைவிட, அந்த ஒரு வரி என்னை அதிகம் சுட்டது.

அந்த வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயிலுக்குப் போனேன். காந்திமதி அம்மன் சன்னதியில் நின்று நான் வேண்டிக்கொண்டதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். "மேலாளர் குடியிருக்கிற வீடு அவருக்கு நிலைக்கக் கூடாது" என்று வேண்டினேன். வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன், பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். தீபாராதனை காட்டினார்கள். நிமிர்ந்து அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு தாயிடம் போய் அவள் இன்னொரு பிள்ளையைக் கெடுத்துத் தா என்று கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. குங்குமம்கூட வாங்காமல் வந்து சங்கிலி மண்டபத்தில் ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மண்டபத்தில்தான் சிறு வயதில் அப்பா எனக்கு ஊர்ப்பெயரின் கதையைச் சொன்னார். சுவாமியின் நைவேத்தியத்துக்காக வேதசர்மா என்ற அடியவர் வீடு வீடாக நெல் வாங்கி வந்து வெயிலில் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனார். மழை கொட்டியது. பதறி ஓடிவந்து பார்த்தால், சுற்றிலும் வெள்ளம், நெல்லைச் சுற்றி மட்டும் வேலி கட்டியதுபோல் காய்ந்த தரை. நெல்லுக்கு வேலியிட்டவர் நெல்லையப்பர், ஊர் நெல்வேலி. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. குத்தகைக்கு உழுத என் அப்பா அதில் ஒன்றைக் கூடுதலாகக் கேட்பார்: "சுவாமி ஏன் மழையை நிறுத்தவில்லை?" நான் விழிப்பேன். "நிறுத்தியிருந்தால் குளம் எப்படிப் பெருகும், ஊர் எப்படி விதைக்கும்? ஒருவன் நெல்லுக்காக ஊர் மழையை நிறுத்துவாரா? மழை பெய்யட்டும், உன் நெல் நனையாது என்றார்."

அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அன்று அந்தத் தூணடியில் அவர் கேள்வி புதிதாகக் கேட்டது. நான் வேண்டியதெல்லாம் மழை நிற்க வேண்டும் என்றுதான். மேலாளர் போக வேண்டும், தரகர் ஒழிய வேண்டும், டீக்கடை வாய் மூட வேண்டும். என் நெல் எது என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. மீட்டர் காட்டியதை எழுதுகிற கை, அதுதான் என் நெல். அது நனையாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு எழுந்தேன். அதன் பிறகு பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இரவில் தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

எடைமேடை அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து வருகிறவர், ஊசிக் கோபுரம் என்கிற கிறிஸ்தவக் கோயிலில் ஒரு ஞாயிறும் தவறாதவர். தினமும் எடைமேடை அறையைத் திறந்ததும் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுத்தான் முதல் லாரியை ஏற்றுவார். நான் களத்துக்கு மாற்றப்பட்ட பிறகு மதியச் சாப்பாட்டுக்கு என்னைத் தன்னோடு உட்காரவைத்துக்கொண்டார். அது அவருக்கு ஆபத்து என்று தெரிந்தே செய்தார். ஒரு நாள் கேட்டேன், "அண்ணாச்சி, உங்கள் சங்கீதத்தில் விரோதிகளைப் பற்றி இவ்வளவு வருகிறதே, பக்திப் பாட்டில் அது எதற்கு?" சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "கர்த்தரிடம் எல்லாக் கசப்பையும் கொட்டிவிட வேண்டும் தம்பி. அங்கே கொட்டிவிட்டால் மனிதர்களிடம் பேசும்போது கணக்கு மட்டும் பேசலாம்" என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து, அந்த 240 டன்னுக்கும் உரிய எடைச் சீட்டுகளின் கார்பன் நகல்களைக் கட்டாக எடுத்து வைத்தார். தேதி வாரியாக இருந்தன. என் டைரியில் இருந்த தேதிகளோடும் லாரி எண்களோடும் ஒன்றுவிடாமல் பொருந்தின.

கணக்கு மட்டும் பேசினேன். முதலாளி முன் நின்று, இன்று இறங்கிய ஈர நெல்லில் 100 கிலோவை உங்கள் கண் முன் நிறுத்துக் களத்தில் தனியாகக் காயவைப்போம், இரண்டு நாளில் மறுபடி நிறுப்போம் என்றேன். மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். முதலாளி கை காட்டி நிறுத்தி, "செய்" என்றார்.

மீட்டர் 20 காட்டிய நெல். களத்தின் கிழக்கு மூலையில் பரப்பினோம். முதல் நாள் நல்ல வெயில். இரண்டாம் நாள் மூன்று மணிக்கு மேற்கே பொதிகைப் பக்கம் கறுத்தது. ஐப்பசி மேகத்துக்கு முன்னறிவிப்பு கிடையாது. குளிர்ந்த காற்று ஒன்று வரும், அடுத்த நிமிடம் கொட்டும். களம் முழுவதும் ஆலையின் நெல் கிடந்தது, அதைத்தான் முதலில் மூட வேண்டும். அதுதான் முறை. நானே அப்படிச் சொல்லிவிட்டுப் பெரிய அம்பாரத்தைக் குவிக்கப் பலகையோடு ஓடினேன். என் 100 கிலோவை மனதில் கைகழுவிவிட்டேன்.

முதல் துளி விழுந்தபோது திரும்பிப் பார்த்தேன். களத்தின் மூத்த ஆச்சியும் இன்னும் நான்கு பெண்களும் கிழக்கு மூலையில் இருந்தார்கள். நெல்லைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாயைப் போட்டு, பறக்காமல் இருக்க அதன் நான்கு ஓரத்திலும் உட்கார்ந்துவிட்டார்கள். மழை அவர்கள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அங்கே இருப்பது யாருடைய நெல், எதற்கான நெல் என்று நான் அவர்களிடம் சொன்னதும் இல்லை. அரை மணி நேரம் மழை பெய்தது, அரை மணி நேரமும் அவர்கள் எழவில்லை. நான் அம்பாரத்தின் பக்கத்தில் நின்று அழுதேன். மழையில் அது தெரிந்திருக்காது.

மறுநாள் ஒரு வெயில் கூடுதலாகக் காட்டினோம். ஆச்சி கடித்துப் பார்த்துத் தலையாட்டினாள். மீட்டர் 14 என்றது. எடை 93 கிலோவை ஒட்டி நின்றது. முதலாளி டைரியையும் எடைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவரே உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருக்கிறார். சராசரி ஈரம் 19. காய்ச்சலில் குறைந்தது 14 டன். பாக்கி பதர், தூசி. மாலையில் சாவி என் மேசைக்கு வந்தது, கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மேலாளர் வேலையில் நீடித்தார். தரகர் லாரியும் வந்துகொண்டுதான் இருந்தது, மீட்டர் காட்டிய விலைக்கு. மன்னிப்பு என்று ஒரு சொல் யாரிடமிருந்தும் வரவில்லை. அது எனக்குக் கசந்தது. இன்றும் சில நாள் கசக்கிறது.

டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. ஆற்றுக்குள்ளேயே நிற்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்கியது. எத்தனையோ வெள்ளத்தைத் தலைக்கு மேல் போகவிட்டு நிற்கிற கோயில் அது. எங்கள் ஆலை மேட்டில் இருந்ததால் தப்பியது. மேலாளரின் வீடு ஆற்றங்கரையை ஒட்டிய தெருவில். கழுத்தளவுத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று போனில் சொன்னார்கள்.

ஒரு காலத்தில் நான் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டபடியே, தண்ணீராக வந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. அந்த வேண்டுதலை மனதார விட்டேனா, இல்லை சங்கிலி மண்டபத்தில் உட்கார்ந்து மூடி மட்டும் வைத்தேனா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். வெள்ளம் என் சொல்லுக்கு வரவில்லை, ஆயிரம் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் அது என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனாலும் அன்று சோறு இறங்கவில்லை.

தண்ணீர் வடிந்த மறுநாள் 25 கிலோ புழுங்கல் அரிசியும் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு எடைமேடை அண்ணாச்சியின் வண்டியில் போனேன். தெரு முழுவதும் பாய், மெத்தை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் வாசலில் கிடந்தன. மேலாளர் முழங்கால்வரை சேற்றோடு வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஏச வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. அரிசிப் பையை இறக்கிவைத்தேன். அவருடைய தாயார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யாரு, ஆலையில் இருந்தா? வாங்க" என்றார்.

"களத்தில் தண்ணீர் நின்றதா?" என்று கேட்டார் மேலாளர்.

"வடிந்துவிட்டது சார். இன்று வெயில் நன்றாக இருக்கிறது. ஆச்சி காலையிலேயே நெல்லைப் பரப்பிவிட்டாள்."

உட்காரச் சொல்ல அந்த வீட்டில் காய்ந்த இடம் எதுவும் இல்லை. அவர் ஒரு மண்வெட்டியை எடுத்தார். சுவரில் சாய்ந்திருந்த இன்னொன்றை நான் எடுத்துக்கொண்டேன்.